ஒதிய மரத்தடியில் காத்திருத்தல்: நிலா அந்துப்பூச்சியைக் காண ஒரு முழுமையான வழிகாட்டி

நிலா அந்துப்பூச்சிக்கு உண்ண வாய் கிடையாது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் பயன்படாத ஒரு சுவடு மட்டும் உண்டு. கூட்டை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அது எதையும் தின்பதில்லை, ஒரு சொட்டுத் தேன்கூட உறிஞ்சுவதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள் ஓட்டுகிறது. அதற்குள் துணையைக் கண்டுபிடிக்க வேண்டும், முட்டையிட வேண்டும். பகல் முழுவதும் இலையோடு இலையாகத் தொங்கிக் கிடக்கும் என்பதால், அந்தச் சில நாட்களிலும் இரவு நேரம் மட்டுமே அதற்குக் கணக்கு.

அபூர்வமான பூச்சி என்று இதற்குப் பெயர் வந்ததும் இதனால்தான். பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இந்தியா, இலங்கை என்று பரந்த நிலப்பரப்பில் வாழும் இனம் இது. ஆனாலும் பத்து ஆண்டுகளாகப் பூச்சிகளைப் பார்த்துவரும் ஒருவர் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன் என்று சொன்னால் வியப்பில்லை. அவர் விழித்திருந்த இரவும் பூச்சி பறந்த இரவும் ஒன்றாக அமைந்திருக்காது, அவ்வளவுதான். அந்த இரண்டு இரவுகளையும் சேர்த்துவைப்பது எப்படி, சேர்ந்த பிறகு பூச்சியின் சேமிப்பைச் செலவழிக்காமல் பார்ப்பது எப்படி என்பதே இங்கே சொல்லப்போவது.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அறிவியல் பெயர் ஆக்டியாஸ் செலீன். செலீன் என்பது கிரேக்கர்களின் நிலாத் தெய்வம். 1807ஆம் ஆண்டு ஜெர்மானியப் பூச்சியியலாளர் யாக்கோப் ஹூப்னர் செலீன் என்ற பெயரைச் சூட்டினார். பெரும்பட்டுப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. டசார் பட்டு தரும் பூச்சிக்கும் அட்லஸ் அந்துப்பூச்சிக்கும் இது பங்காளி.

விரித்த இறக்கையின் குறுக்களவு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். உள்ளங்கையை மூடிவிடும். நிறம் வெளிர்பச்சை, பாலில் கொஞ்சம் இலைச்சாறு கலந்தது போல. முன்னிறக்கையின் மேல்விளிம்பில் அரக்குச் சிவப்பில் ஒரு கரை, நல்ல சேலைக்குப் போட்ட கரைபோல ஓடும். நான்கு இறக்கைகளிலும் ஒவ்வொரு கண்புள்ளி. உடல் வெண்பஞ்சு. பின்னிறக்கை இரண்டும் நீண்டு, முறுக்கிவிட்ட நாடாபோன்ற வால்களாக முடியும். அந்த வால்களில் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும்.

இந்த வால் அழகுக்காக வந்ததன்று. வௌவால் தன் குரலின் எதிரொலியை வைத்துத்தான் இரையைக் கண்டுபிடிக்கிறது. பூச்சி பறக்கும்போது பின்னால் சுழலும் வால்களும் ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்பி வௌவாலைக் குழப்புகின்றன. வட அமெரிக்காவில் வாழும் நெருங்கிய உறவான லூனா அந்துப்பூச்சியை வைத்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. வால் வெட்டப்பட்ட பூச்சிகளில் நூற்றுக்கு 81ஐ வௌவால்கள் பிடித்தன; வாலோடு இருந்தவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 35ஐ மட்டுமே. ஆகவே நீங்கள் பார்க்கும் பூச்சிக்கு ஒரு வால் இல்லையென்றால் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு வாலைக் கொடுத்துவிட்டு உயிரை மீட்டுக்கொண்டு வந்த பூச்சியாக அது இருக்கலாம்.

வேறு எதனுடனும் குழப்பிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. தென்னிந்தியாவில் காணப்படும் அட்லஸ் அந்துப்பூச்சி இதைவிடப் பெரியது. ஆனால் செம்பழுப்பு நிறம், வாலும் இல்லை. டசார் பூச்சிகளுக்கும் கண்புள்ளி உண்டு, ஆனால் வால் கிடையாது. பச்சை நிறமும் நீண்ட வாலும் சேர்ந்திருந்தால், நம் பக்கத்துச் சமவெளியிலும் மலையடிவாரங்களிலும் அது இதுதான்.

படி 2: பூச்சியை விட்டுவிட்டு மரத்தைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

ஒரு வாரம் வாழும் பூச்சி எங்கே பறக்கும் என்று கணிக்க முடியாது. ஆனால் அதன் புழு என்ன தின்னும் என்று சொல்ல முடியும். தாய்ப்பூச்சி அந்த மரத்தைத் தேடி வந்துதான் முட்டையிடும், வளர்ந்த புழு அதன் பக்கத்திலேயே கூடு கட்டும், வெளிவந்த பெண்பூச்சி பெரும்பாலும் முதல் இரவில் அங்கிருந்து தொலைவாகப் போகாது. நம் ஊர்ப்பக்கம் அந்த மரம் ஒதியன். உதியன், ஒதிய மரம், உதி என்றெல்லாம் சொல்வார்கள். இமயமலைப் பகுதிகளில் அக்ரூட் மரத்திலும் புழுக்கள் வளர்கின்றன. ஐரோப்பாவில் இந்தப் பூச்சியை வளர்ப்பவர்கள் ரோடோடென்ட்ரான் இலையைக்கூடக் கொடுக்கிறார்கள். நமக்கு ஒதியன் போதும்.

“ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது” என்று பழமொழியில் மட்டம் தட்டப்பட்ட மரம் இது. கட்டை மென்மையானது, வீடு கட்ட உதவாது. ஆனால் ஒரு கிளையை வெட்டிப் போத்தாக நட்டால் வேர்பிடித்துவிடும் என்பதால் வேலியோரங்களில் நிறைய வளர்த்தார்கள். சாம்பல் நிறப் பட்டை, கீறினால் வடியும் பிசின், ஒரு காம்பில் ஏழு ஒன்பது என்று எதிரெதிராக அமைந்த சிற்றிலைகள், நுனியில் ஒற்றை இலை. இவற்றை வைத்து அடையாளம் காணலாம். கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். அந்த நிலையிலேயே பூக்கவும் செய்யும்.

கம்பிவேலி வந்த பிறகு ஒதிய வேலிகள் குறைந்துவிட்டன. நிலா அந்துப்பூச்சியைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் பூச்சியைப் பற்றியே பேசுகிறார்கள். வெட்டப்பட்ட வேலிக்காக யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

நடக்கும் தூரத்தில் உள்ள ஒதிய மரங்களைப் பகலிலேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மரத்தைவிட, நாலைந்து சேர்ந்து நிற்கும் இடம் மேல். தெருவிளக்கு விழாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது. பிறர் நிலமென்றால் உரிமையாளரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் வெள்ளைத் துணியோடு தோட்டத்தில் நிற்பவருக்கு விளக்கம் சொல்ல நேரம் கிடைக்காது. காப்புக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறையின் அனுமதியில்லாமல் இரவில் நுழையவே கூடாது. சரணாலயத்துக்குள்ளிருந்து பூச்சியையோ கூட்டையோ அனுமதியின்றி எடுத்துவருவதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

படி 3: இரவைத் தேர்ந்தெடுங்கள்

மரம் மொட்டையாக நிற்கும் மாதங்களில் புழுவுக்கு உணவில்லை. அந்தக் காலத்தைக் கூட்டுக்குள் உறங்கிக் கழிக்கிறது பூச்சி. மழை வந்து, மரம் துளிர்த்து, இலை முற்றும் நேரத்தை ஒட்டித்தான் பூச்சி வெளிவருவது அதற்கு லாபம். ஆகவே நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், மரத்தைப் பாருங்கள். முதல் நல்ல மழைக்குப் பிறகு துளிர் விட்டு இரண்டு மூன்று வாரமானதும் உங்கள் பருவம் தொடங்குகிறது. உலக அளவில் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் கொண்டாடப்படும் அந்துப்பூச்சி வாரமும் நம் பக்கம் ஏறக்குறைய இந்தப் பருவத்தில்தான் வருகிறது.

அமாவாசையை ஒட்டிய இரவுகள் நல்லவை. நிலவொளி அதிகமாக இருந்தால் உங்கள் விளக்கு எடுபடாது. பெயரில் நிலாவை வைத்துக்கொண்டிருக்கும் பூச்சியைப் பார்க்க நிலா இல்லாத இரவு வேண்டும் என்பது ஒரு வேடிக்கை. காற்று அடங்கிய, புழுக்கமான, மழை பெய்து ஓய்ந்த இரவு என்றால் மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டுக் கிளம்பலாம். காற்று வீசினால் வீட்டில் படுத்துத் தூங்குங்கள்.

படி 4: திரையும் விளக்கும்

தேவையானவை அதிகமில்லை: ஒரு வெள்ளைப் பருத்தித் துணி, இரண்டு மரங்களுக்கு இடையே கட்ட ஒரு கயிறு, ஒரு விளக்கு. துணியின் கீழ்ப்பகுதி ஒரு முழமாவது தரையில் விரிந்திருக்கட்டும். பல பூச்சிகள் திரையில் மோதிக் கீழே விழும், புல்லில் விழுந்தால் மிதித்துவிடுவோம்.

விளக்கைப் பொறுத்தவரை, புற ஊதா ஒளி கலந்தது வேண்டும். பழைய முறைக்காரர்கள் பாதரச ஆவி விளக்கைப் பயன்படுத்துவார்கள். பூச்சிகள் குவியும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மின்இணைப்போ ஜெனரேட்டரோ வேண்டும், கண்ணாடி கொதிக்கும், மழைத்துளி பட்டால் வெடிக்கும். பவர்பேங்கில் எரியும் புற ஊதா எல்இடி விளக்கே தொடக்கக்காரருக்குப் போதும். எதுவானாலும் நேராக உற்றுப் பார்க்காதீர்கள்.

பூச்சி ஏன் விளக்கை நோக்கி வருகிறது? விளக்கில் விழும் விட்டில் என்று காலங்காலமாகச் சொல்லி, அதற்கு மோகம், மயக்கம் என்று நாமே பல காரணங்களைக் கட்டிவைத்திருக்கிறோம். 2024இல் வெளியான ஓர் ஆய்வு அதிவேகக் கேமராக்களால் படம்பிடித்து வேறொரு விளக்கம் தந்தது. இரவில் பறக்கும் பூச்சிக்கு வெளிச்சமான பக்கம் என்றால் வானம்; முதுகை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டால் நேராகப் பறக்கலாம். பக்கவாட்டில் ஒரு விளக்கு வந்ததும் அதை வானமென்று எண்ணி முதுகைத் திருப்புகிறது. திருப்பத் திருப்ப வட்டமடிக்கிறது, வெளியேற முடியவில்லை. அதாவது, திரையில் வந்து உட்காரும் பூச்சியை நாம் அழைக்கவில்லை, திசை தவறவைத்திருக்கிறோம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த விதி தானாகவே விளங்கும். விளக்கை இரவு முழுவதும் எரியவிடாதீர்கள். இருட்டியதும் ஒன்றரை மணி நேரம், பிறகு அணைத்துவிட்டு ஓய்வு, நள்ளிரவுக்குப் பிறகு மறுபடி ஒன்றரை மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய பட்டுப்பூச்சி இனங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் வரும். பத்து மணிக்கே சலித்துப்போய் மூட்டை கட்டுபவர்கள் இவற்றைத் தவறவிடுகிறார்கள்.

எனக்கு இந்த விதி ஒரு தவறிலிருந்து வந்தது. என் முதல் நிலா அந்துப்பூச்சி திரைக்கு வந்த இரவில், மகிழ்ச்சியில் விளக்கை அணைக்காமலே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது விடிந்திருந்தது. ஒரு கரிச்சான் கயிற்றின்மேல் உட்கார்ந்திருந்தது. திரைக்குக் கீழே நான்கு பச்சை இறக்கைகள் மட்டும் கிடந்தன. இப்போதெல்லாம் மூன்று மணிக்கு அலாரம் வைக்கிறேன். விளக்கை அணைத்து, துணியை மெதுவாக உதறி, பூச்சிகளைப் புதர்ப்பக்கம் விட்டுவிட்டுத்தான் படுக்கை.

உங்கள் பாதுகாப்புக்கு இரண்டு சொற்கள். ஒளிக்கு வரும் தவளையையும் எலியையும் தேடிப் பாம்பும் வரலாம். கால் வைக்கும் இடத்தை டார்ச் அடித்துப் பார்த்து வையுங்கள், மூடிய காலணி அணியுங்கள். ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி வரும் மெலிந்த சிறு வண்டு ஒன்று கழுத்திலோ கையிலோ ஊர்ந்தால் அடித்து நசுக்கிவிடாதீர்கள், ஊதித் தள்ளுங்கள். நசுங்கினால் அதன் உடல்நீர் தோலைக் கொப்பளிக்கவைக்கும்.

படி 5: வந்துவிட்டது, இப்போது என்ன?

முதலில், ஒன்றும் செய்யாதீர்கள். பெரிய அந்துப்பூச்சி திரைக்கு வந்ததும் படபடத்து, மோதி, சுற்றி, பிறகுதான் அமரும். துரத்தினால் அந்தப் படபடப்பு நீளும். அதற்கு மறுபடி நிரப்பிக்கொள்ள வழியில்லாத எரிபொருள் வீணாகும். அது அமரும்வரை விலகி நில்லுங்கள்.

அமர்ந்ததும் உணர்கொம்பைப் பாருங்கள். ஆணுக்கு அது அகன்று இறகுபோல விரிந்திருக்கும். பெண்ணுக்கு ஒடுங்கியிருக்கும், வயிறும் பருத்திருக்கும். பெண்பூச்சி ஓரிடத்தில் அமர்ந்து தன் மணத்தைக் காற்றில் விடும். அதன் இம்மியளவு வந்தாலும் ஆண் அந்த இறகுக்கொம்பால் பிடித்துவிடும், பல கிலோமீட்டர் தொலைவிலிருந்துகூட. இத்தகைய மணப்பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடோல்ஃப் பூட்டெனன்ட். வளர்ப்புப் பட்டுப்பூச்சியிலிருந்து 1959இல் அதைக் கண்டறிய ஏறத்தாழ 5 லட்சம் பெண்பூச்சிகள் தேவைப்பட்டன. ஒரு பூச்சியிடம் அது அவ்வளவு சொற்பமாக இருக்கிறது. அந்தச் சொற்பமே போதுமானதாகவும் இருக்கிறது.

படம் எடுக்க: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உணர்கொம்பு தெளிவாகத் தெரிய ஒன்று. ஃபிளாஷை நேராக அடித்தால் பச்சை வெளிறிவிடும். ஒரு வெள்ளைத் தாளை முன்னால் பிடித்து ஒளியை மென்மையாக்குங்கள். கையில் எடுத்துப் படம் எடுக்கும் ஆசை வரும். இறக்கையை விரலால் பிடித்தால் செதில்கள் பொடியாக உதிரும். தொட்டே தீரவேண்டுமென்றால், முன்கால்களுக்கு எதிரே விரலை நீட்டுங்கள், தானாக ஏறிக்கொள்ளும். நான்கைந்து படம் போதும். அதற்குமேல் எடுப்பது நமக்காகத்தான்.

நாள், நேரம், இடம், வானிலை, பக்கத்திலிருந்த மரங்கள் ஆகியவற்றை உடனே எழுதிவையுங்கள். காலையில் நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் படத்தோடு பதிவேற்றினால் உங்கள் ஓர் இரவு பிறருக்கும் பயன்படும். மரத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்; பூச்சியின் படத்தைப் பலரும் போடுகிறார்கள், அது எதைத் தின்று வளர்ந்தது என்பதைச் சிலரே பதிவுசெய்கிறார்கள்.

படி 6: பகலில் புழுவைத் தேடி வளர்ப்பது

இரவுகள் வெறுமையாகப் போனால் மனம் தளரவேண்டாம். பூச்சி ஒரு வாரம்தான், புழு பல வாரம் இருக்கும். மரத்தடியில் பச்சைமிளகு அளவில் வரிவரியான எச்ச உருண்டைகள் கிடந்தால் தலைக்கு நேர்மேலே பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த புழு சிவப்பாக, நடுவில் கறுப்புப் பட்டையோடு, எறும்பைப் போலத் தோன்றும். இரண்டு முறை தோலுரித்த பிறகு பச்சையாகிவிடும். முதுகில் மஞ்சள் நிறக் குமிழ்கள், அவற்றில் சிறு முட்கள். பார்க்க மிரட்டலாக இருந்தாலும் கம்பளிப்பூச்சிபோல அரிப்பதில்லை.

வளர்க்க விரும்பினால் இரண்டு மூன்று புழுக்களோடு நிறுத்துங்கள். ஒதியன் கொத்தைத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் செருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும். தொடக்கக்காரர்களின் புழுக்களில் பாதி இப்படித்தான் போகின்றன என்று எனக்கொரு சந்தேகம். எந்த மரத்து இலையில் கிடைத்ததோ அதையே கடைசிவரை கொடுங்கள். மருந்து தெளித்த இடத்து இலை வேண்டாம். எச்சத்தைத் தினமும் அகற்றுங்கள், ஈரம் தேங்கினால் நோய் வரும். ஒரு புழு தின்னாமல் அசையாமல் இருந்தால் அது தோலுரிக்கத் தயாராகிறது. பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புதிய இலையில் வைக்கவே வைக்காதீர்கள், அந்த இலையை அப்படியே கத்தரித்து நகர்த்துங்கள்.

சிலவற்றிலிருந்து பூச்சிக்குப் பதிலாக ஈயோ குளவியோ வெளிவரும். புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிகள் அவை. ஏமாற்றம்தான், ஆனால் நீங்கள் செய்த பிழையன்று.

வளர்ந்து முடித்த புழு ஒரு நாள் உணவை விட்டுவிட்டு அலையத் தொடங்கும், பிறகு இலைகளை இழுத்துச் சேர்த்துப் பழுப்பு நிறக் கூட்டைக் கட்டும். கூட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். சில வாரங்களில் பூச்சி வரலாம். மரம் இலையுதிர்க்கும் காலத்தை நெருங்கியிருந்தால் மாதக்கணக்கிலும் ஆகலாம். செத்துவிட்டது என்று முடிவுகட்டித் தூக்கியெறியாதீர்கள்.

பெரும்பாலும் காலையில் வெளிவரும். அப்போது இறக்கைகள் நனைந்த துணிபோலச் சுருங்கியிருக்கும். பூச்சி எதன்மீதாவது ஏறித் தொங்கினால்தான் உடல்நீர் ஓடி இறக்கை விரியும். வழுவழுப்பான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வந்த பூச்சியால் ஏற முடியாது. இறக்கை அப்படியே சுருங்கிக் காய்ந்துவிடும், பிறகு சரிசெய்யவே முடியாது. ஆகவே கூட்டுக்குப் பக்கத்தில் சொரசொரப்பான குச்சியோ வலைத்துணியோ தொங்கட்டும். அன்று இரவே, அந்த ஒதிய மரத்தடியில், விளக்கில்லாமல் விட்டுவிடுங்கள். இன்னும் ஒருநாள் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அதன் வாழ்நாள் கணக்கில் அது பத்தில் ஒரு பங்கு.

படி 7: துணியைத் துவைக்கும் முன்

இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். திரைக்கு வரும் பெண்பூச்சி சில வேளை துணியிலேயே முட்டையிட்டுவிடும். சுமார் 2 மில்லிமீட்டர் அளவில், வெண்மையாக, பழுப்பும் கறுப்புமான புள்ளிகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிந்துவிடும், ஆனால் துணியில் தின்ன ஒன்றுமில்லை. சுரண்டி எடுத்தால் உடையும். அந்த இடத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, எறும்பு ஏறாத ஒதியக் கிளையில், இலைக்காம்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். என் திரையின் இடது ஓரத்தில் இப்படி மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.